ஆண்டவரைத் தேடிப் பீலிக்குப் போனேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய அறைகள். சுவர் மெல்லியது. பக்கத்துக் காம்பராவில் ஆள் புரண்டு படுத்தால் இங்கே கேட்கும்.

அந்தக் காம்பராவில் இருப்பவர் எனக்கு மச்சான் முறை. ஃபாக்டரியில் வேலை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், மரக்கறிச் சாப்பாடு. விடியும் முன் எழுந்து பீலிக்குப் போவார். மலையிலிருந்து வரும் தண்ணீரை இரும்புக் குழாய் வைத்து லயத்துக்குப் பின்னால் விழவிட்டிருக்கிறார்கள். அதுதான் பீலி. மடுல்சீமைப் பக்கத்து டிசம்பர் குளிரில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அவர் தலையையே கொடுப்பார். கொடுத்துக்கொண்டு சரணம் சொல்வார். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி என் தலைமாட்டுக்கு வரும்.

நாங்கள் வேதக்காரர்கள். சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பேன். பல வருடம் அப்படித்தான் போனது.

சில வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எங்கள் தோட்டத்துக் கோயில் சின்னது, தகரக் கூரை போட்டது. பதுளையிலிருந்து ஃபாதர் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். அன்றைக்கும் அவர்தான். சைப்ரஸ் கொப்பில் வளையம் கட்டி, நாலு மெழுகுதிரி நட்டு, ஒன்றை மட்டும் கொளுத்தினார். பீடத்தில் ஊதாத் துணி விரித்திருந்தது. முழு இருதயத்தோடு ஆண்டவரைத் தேடினால் கண்டடைவீர்கள் என்று பிரசங்கம் சொன்னார்.

எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு அது நெஞ்சில் வந்து இடித்தது. பார்க்கலாம் என்று இல்லை. ஒருவேளை என்று இல்லை. தேடினால் கிடைப்பார். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஐம்பது நெருங்கியிருந்தது. ஒரு நாளும் இரவு ஜெபத்தை விட்டதில்லை. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நாளும் தோன்றியதும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜெபம் முடிந்ததும் உபதேசியாரிடம் போனேன்.

"முழு இருதயத்தோடன்னா எப்புடிங்க?"

"எப்புடின்னா? நல்லா ஜெபம் பண்ணணும்."

"பண்றேனே."

"இன்னும் நல்லாப் பண்ணணும்." துணியை மடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். நான் அறிந்த வரையில் முழு மனதாகச் சாமியைத் தேடும் ஆள் ஒருவர்தான். அவர் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். எப்படித் தேடுவது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்தவர் செய்கிற மாதிரி செய்ய வேண்டியதுதான்.

சாயந்தரம் மச்சான் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில எந்திரிக்கிறப்ப சுவத்துல ஒரு தட்டு தட்டுங்க," என்றேன்.

"எதுக்கு மச்சான்?"

"நானும் பீலிக்கு வாறேன்."

"ஏன், வீட்டுல சுடுதண்ணி வைக்க வெறகு இல்லையா?"

"வெரதம் இருக்கப் போறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாலை போடப் போறியா? நீயா?"

"எங்க சாமிக்கு."

"ஒங்க சாமி இந்தக் குளுருல குளிக்கச் சொல்லுச்சா?"

"தேடச் சொன்னாரு. எப்புடின்னு சொல்லல."

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தட்டுறேன். ஆனா நடுவுல விட்டுறக் கூடாது. நீ விட்டா ஊரு என்னையத்தான் கேக்கும், அந்த நல்ல மனுசன ஏன்டா கெடுத்தன்னு."

வீட்டில் சொன்னேன். என் மனைவி கொழுந்து எடுப்பவள். என்னைவிடவும் பேச்சுக் குறைவு. ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் பழைய சேலை ஒன்று ஊதா நிறத்தில் கிடந்தது. அதைக் கிழித்து ஒரு துண்டாக்கித் தந்தாள்.

"அவுங்களுக்குக் கறுப்பு. நமக்கு இதுதான இப்ப," என்றாள். பிறகு, "சளி புடிச்சா நான் பொறுப்பில்ல."

செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இறைச்சி இல்லை, சாராயம் இல்லை, காலில் சப்பாத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் சுவரில் தட்டும் முன்பே விழித்திருந்தேன். முதல் தடவை பதுளை டவுனைப் பார்க்கக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி இருந்தேன். இருட்டில் இருவரும் நடந்தோம். பனி முகத்தில் ஒட்டியது. அவர் முதலில் குளித்தார். பிறகு நான் போய் நின்றேன்.

கத்திவிட்டேன். ஜெபம் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கத்தல்.

"என்ன மச்சான் இது? சேசுன்னு சொல்லு, மரியேன்னு சொல்லு. பன்னிய வெட்டுறாப்புல கத்தாத!"

"வாரும் ஆண்டவரே!" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"அப்புடிப் போடு!"

அவர் சரணம் சொன்னார். நான் வாரும் என்றேன். அவர் கூட்டினார், நானும் கூட்டினேன். நாய்கள் எல்லாம் எழுந்துகொண்டன. கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு சாமிக்கும் காது நல்லாத்தான்யா இருக்கு! மெதுவாக் கூப்புடுங்க!"

திரும்பி வரும்போது குளிர் தெரியவில்லை. உடம்புக்குள் அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது.

அன்று பெரட்டுக்கு வெறுங்காலோடு போனேன். காலையில் எல்லாரும் ஒன்றாக நின்று, யார் எந்த மலைக்கு என்று பெயர் கூப்பிடும் இடம் அது. நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடும் வேலை. வெட்டிய குச்சி ஊசி மாதிரி நிற்கும். சப்பாத்து இல்லாமல் யாரும் போவதில்லை.

"காலுக்கு என்ன?" என்றார் கங்காணி.

"வெரதம்."

"வெரதமா? ஒங்க ஆளுகளுக்கு ஏது வெரதம்?"

கொழுந்துக்காரப் பெண்களில் ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளமானவள், "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டாள்.

யோசிக்காமல் சொன்னேன். "ஆண்டவரத் தேடுறேன். கிறிஸ்மஸுக்குள்ள கண்டுபிடிக்கணும்."

சிரிப்பு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போனது.

அன்றிலிருந்து தினமும் அதே கேள்விதான்.

"ஆள் கெடச்சாரா?"

"இன்னும் இல்ல."

"மேல் மலையில தேடுங்க. அங்கதான் கொழுந்தும் இல்ல, மனுசனும் இல்ல. ஒளிய நல்ல எடம்."

"கெடச்சா எங்க கூரை ஒழுகுறதச் சொல்லுங்க. தொரைகிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது வேடிக்கை இல்லை. இவ்வளவும் செய்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கோயிலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அது பொய் இல்லை என்றால் என் இருதயம் முழுசாக இல்லை என்று ஆகிவிடும். இரண்டில் எது ஆனாலும் பிறகு எந்த முகத்தோடு முழங்கால் போடுவது? கிறிஸ்மஸுக்குள் தெரிந்துவிடும். அதை நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமும் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

அந்த நாட்களை மறக்க முடியாது. எல்லாம் புதிதாகத் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து யாராவது வருகிற மாதிரி இருந்தால் கத்தியை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பேன். தபால்காரர் வருவார். இன்னொரு நாள் முட்டைக்காரர் வருவார். ஒரு தடவை மாடு வந்தது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அதே மாதிரிதான் துள்ளியது. ஐம்பது வயதில் இப்படி ஒரு காத்திருப்பு எனக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு கோயில் வாசலில் உபதேசியார் என்னை நிறுத்தினார்.

"என்ன இது வேசம்?"

"வேசம் இல்லைங்க."

"பீலியில நின்னு கூச்சல் போடுறது, கழுத்துல மாலை, வெறுங்காலு. அவுங்க செய்றத நாம செய்யலாமா? சனங்க என்ன பேசுதுன்னு தெரியுமா? நீ அந்தப் பக்கம் போயிட்டன்னு பேசுது."

"நான் இந்தப் பக்கந்தான் நிக்கிறேன்."

"கழட்டு."

"கழட்டலைங்க."

"அப்ப கடைசி பெஞ்சில இரு. ஃபாதர் வரட்டும்."

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் பெண்கள் பக்கத்தில் இருந்த என் மனைவி எழுந்தாள். பின்னால் வந்து எனக்கு நேர் எதிர் வரிசைக் கடைசியில் உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஃபாதர் வந்தார். சந்தோசத்தின் ஞாயிறு என்று அன்றைக்கு மட்டும் ரோஸ் நிற மெழுகுதிரி. ஃபாதர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. பூசை முடிந்ததும் உபதேசியார் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். அவர் மாலையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். அட்டை கடித்த இடம் ஒரு பக்கம், குச்சி கீறிய இடம் ஒரு பக்கம்.

"இது என்ன காயம்?"

"கவ்வாத்துக் குச்சி, சாமி."

"காயத்துக்கு ஏற்பு ஊசி போட்டனீரோ?"

"இல்ல, சாமி."

"சப்பாத்தைப் போடும்."

"வெரதம், சாமி."

"விரதம் இரும். குளியும். பாடும். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா சப்பாத்தைப் போடும். கால் பழுத்தா பிறகு ஆண்டவரைத் தேடி பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்."

உபதேசியார் விடவில்லை. "அந்த மாலை, சாமி?"

"செபமாலை தானே. கழுத்தில கிடக்கிறது சரி. இடைக்கிடை கையில எடுத்துச் சொல்லவும் வேணும்." மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

உபதேசியாருக்கும் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் சாமி சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமை சப்பாத்தைப் போட்டேன். கால் சூடாக இருந்தது. மனம் சூடு குறைந்துபோனது. மற்ற நாள் மாதிரி ஒரு நாள் ஆகிவிட்டது.

"என்னங்க, சப்பாத்து வந்திருச்சு? ஆள் கெடச்சிட்டாரா?" என்றாள் அந்த வாய் நீளக்காரி.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

அந்த வாரமே மச்சானுக்கு இருமுடி கட்டினார்கள். தோட்டத்துச் சாமிமார் எல்லாரும் வேனில் கொழும்புக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்கு. லயமே வழியனுப்ப நின்றது. தலையில் முடியோடு என் பக்கம் வந்தார்.

"மச்சான், இனி சுவத்துல தட்ட ஆளில்ல. நீயாத்தான் எந்திரிக்கணும்."

"எந்திரிப்பேன்."

"ஒங்காளு இன்னும் வரலையா?"

"இல்ல."

"எங்காளப் பாக்கத்தான் போறேன். பாத்தா ஒன்னையும் சொல்றேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் தனியாகப் பீலிக்குப் போனேன். மழை வேறு. வாரும் என்று கூப்பிட்டேன். பக்கத்தில் பதில் குரல் இல்லாமல் என் குரல் ஒல்லியாகப் போனது. மழையில் நனைந்துகொண்டே மலைக்கும் போனேன். சாயந்தரம் உடம்பு நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து தந்தார்கள். பச்சைத் தண்ணீர் பக்கமே போகக் கூடாது என்றார்கள்.

படுத்தேன். வெறுங்கால் போய்விட்டது. மச்சான் போய்விட்டார். இப்போது குளியலும் போய்விட்டது. கிறிஸ்மஸ் வாசலில் நிற்கிறது. ஜெபமாவது சொல்லலாம் என்று பார்த்தால் ஒரு வரி தொடங்கினால் அடுத்த வரி தலையில் நிற்கவில்லை. என் கையில் ஒன்றுமே இல்லை.

"முடியல," என்று மனைவியிடம் சொன்னேன். "வெரதம் ஒடஞ்சுபோச்சு."

கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "குடிங்க," என்றாள்.

விடியும் முன் விழிப்பு வந்தது. பீலிச் சத்தம் கேட்டது. தண்ணீர் கல்லில் விழும் சத்தம் ஒரு மாதிரி. அடியில் ஆள் நின்றால் வேறு மாதிரி. ஆள் நிற்கிற சத்தம் அது. மச்சான் இல்லையே, யார் என்று நினைத்தேன். பக்கத்தில் கையை நீட்டினேன். பாய் காலியாக இருந்தது.

பிறகு குரல் கேட்டது.

"வாரும் ஆண்டவரே!"

என் மனைவி. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவாதவள். பல் அடித்து வார்த்தை இரண்டாக உடைந்தது. நிறுத்தவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

பதுளை ஸ்டேஷனில் யாரையாவது கூட்டிப்போக நின்றிருக்கிறீர்களா? வளைவுக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதும். ரயில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எனக்குள் அந்த மாதிரி எல்லாம் எழுந்து நின்றது. நான் மல்லாந்து படுத்துத்தான் கிடந்தேன். ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. நான் எங்கும் போகவில்லை. வந்துகொண்டிருந்தது அவர்.

திருவருகைக் காலம், திருவருகைக் காலம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறோம். வருவது யார் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. நான்தான் போக வேண்டும் என்று நினைத்துவிட்டேன். நான் போய்க்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்திருக்கிறார்.

வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. அதே கரி பிடித்த தகரம், அதே கேத்தல். ஆனால் ஆள் இருக்கிற அறைக்கும் இல்லாத அறைக்கும் வித்தியாசம் உண்டு. கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். எனக்குத் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. காய்ச்சலாக இருக்கலாம்.

அவள் வந்தாள். ஊதாத் துண்டைத் தலையில் சுற்றியிருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

"என்ன இப்புடிப் பாக்குறீங்க?"

"நீ எதுக்குப் போன?"

"ஒங்களுக்குப் பதிலாத்தான். நடுவுல விட்டுப்போகக் கூடாதுல்ல."

"குளுரலையா?"

"சனியன் புடிச்ச தண்ணி. மனுசன் குளிப்பானா அதுல?"

"வந்துட்டாரு," என்றேன்.

கதவை எட்டிப் பார்த்தாள். "யாரு இந்நேரத்துல?"

"ஆண்டவரு."

நின்றாள். பிறகு வந்து என் நெற்றியில் கை வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது கை.

"காய்ச்சல் இன்னும் இருக்கு," என்றாள். கையை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள். "நெசமாவா?"

"நெசமா."

"எப்ப?"

"நீ கூப்புட்டப்ப."

பாயில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப நாளைக்கும் போகணுமா?" என்றாள்.

"தெரியல."

"நான் போவேன். குளிக்கிறப்பதான் உசிரு போகுது. குளிச்சு வந்தா நல்லாத்தான் இருக்கு."

போனாள். நான் எழுந்து நடமாடும்வரை தினமும் போனாள். ஒவ்வொரு நாளும் படுத்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு நாளும் நெஞ்சு எழுந்து நின்றது.

கிறிஸ்மஸுக்கு முன்பே பெரட்டுக்குத் திரும்பிவிட்டேன். உடம்பு மெலிந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வாய் நீளக்காரிதான் கேட்டாள். இந்தத் தடவை கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள்.

"ஆள் கெடச்சாரா?"

"கெடச்சாரு."

யாரும் சிரிக்கவில்லை. கங்காணி பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார்.

"எங்க?" என்றாள்.

"வீட்டுல. படுத்திருந்தேன், வந்தாரு."

"எப்புடி இருந்தாரு?"

"பாக்கல."

"பாக்காம எப்புடிங்க வந்தாருன்னு சொல்றீங்க?"

"ஒங்க வீட்டுக்காரரு வாறது கண்ணால பாத்தா ஒங்களுக்குத் தெரியுது? கால் சத்தத்துலயே தெரியும்ல."

"அவரு தள்ளாடுற சத்தம் அடுத்த தோட்டத்துக்கே தெரியுமே!"

அப்போது வெடித்தது சிரிப்பு. அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடைக்காரிகள் பக்கத்தில் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கங்காணி மலையைச் சொன்னார். போனோம். பனி விலகி வெயில் வந்தது. பலவீனமான உடம்புதான். ஆனாலும் அன்றைக்கு என் கத்தி நிற்கவே இல்லை. வரிசையில் மற்றவர்களை விட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தேன்.

"மெதுவா வெட்டுய்யா, செடி பாவம்!" என்று கங்காணி கீழேயிருந்து கத்தினார்.

என்னால் மெதுவாக முடியவில்லை.